நாடியை எண்ணி நடத்தல்

இதயத்தில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு வீடு திரும்பிய பெரியவர்களை இன்று பல குடும்பங்களில் காண்கிறோம். அவர் வந்து சேர்ந்த நாள் முதல் வீட்டாருக்கு ஓயாத கவலை. எழுந்தால், "ஏன் எழுந்தீர்கள்?" என்பர், இரண்டடி நடந்தால், "போதும், உட்காருங்கள்" என்பர். தண்ணீர்ச் செம்பும் அவர் இருக்கும் இடத்துக்கே வந்துவிடும். இவையெல்லாம் அன்பினால் செய்வனவே. எனினும் அந்த அன்பு அவருக்கு நன்மை செய்கிறதா என்னும் கேள்வியை மருத்துவ உலகம் நெடுநாள் ஆராய்ந்து, விடையும் கண்டிருக்கிறது. இதயம் என்பது ஒரு தசை. உழைப்பினாலேயே தசை வலிமை பெறும். அறுவைக்கு உட்பட்ட இதயத்துக்கும் இது பொருந்தும். அப்படியாயின் எவ்வளவு உழைக்கலாம்? அதனை அளக்கும் கருவி ஒன்றை இயற்கை நம் மணிக்கட்டிலேயே வைத்திருக்கிறது. அக்கருவியைப் படிப்பது எங்ஙனம், அது எங்கே நம்மை ஏமாற்றும் என்பனவற்றையே இங்குச் சொல்லக் கருதுகிறேன்.

ஓய்வே இதய நோய்க்கு மருந்து என்னும் எண்ணம் தொன்றுதொட்டு வந்தது போலத் தோன்றும். உண்மை அதுவன்று. நெஞ்சு வலியைப் பற்றி விளக்கமாக எழுதி 1772-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆங்கில மருத்துவர் வில்லியம் ஹெபர்டன், தம் குறிப்புகளில் நோயாளி ஒருவரைக் காட்டுகிறார். அம்மனிதர் நாள்தோறும் அரைமணி நேரம் மரம் அறுப்பதைத் தமக்குரிய கடமையாக வைத்துக்கொண்டார். ஏறக்குறைய நலமே அடைந்துவிட்டார். பின்வந்தவர்கள் இந்தக் குறிப்பின் வழியில் செல்லவில்லை. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், இதயத்துக்கு உணவூட்டும் தமனியில் இரத்தம் உறைந்து அடைத்துக்கொள்வதே மாரடைப்பு என்பது விளங்கியது. விளங்கியதோடு அச்சமும் மிகுந்தது. நோயாளியை ஆறு வாரம் வரையில் படுக்கையிலேயே கிடத்துவது மருத்துவ மரபாயிற்று. 1952-இல் பாஸ்டன் நகரத்து மருத்துவர்களான சாமுவேல் லெவைனும் பெர்னார்ட் லௌனும், மாரடைப்பு வந்தவர்களைச் சில நாள்களிலேயே நாற்காலியில் உட்காரவைத்துப் பார்த்த செய்தியை வெளியிட்டனர். நடக்கவைத்தார்கள் என்றுகூட அல்ல, வெறுமனே உட்காரவைத்தார்கள்! அதுவே அக்காலத்தில் பெருந்துணிச்சல். 1955-இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஐசனோவருக்கு மாரடைப்பு ஏற்பட்டபோது, அவருக்கு மருத்துவம் பார்த்த பால் டட்லி ஒயிட் அவரைப் படிப்படியாக நடமாடவும் பணிக்குத் திரும்பவும் செய்தார். அடுத்த ஆண்டே ஐசனோவர் தேர்தலில் நின்று மீண்டும் வென்றார்.

இவற்றினும் தெளிவான சான்று நோயாளிகளிடமிருந்து வரவில்லை; உங்களை ஒத்த இளைஞர்களிடமிருந்தே வந்தது. 1966-ஆம் ஆண்டில் டல்லாஸ் நகரில், பெங்ட் சால்ட்டினும் அவருடைய தோழர்களும் இருபது வயதை ஒட்டிய, நல்ல உடல்நலம் உடைய இளைஞர் ஐவரைத் தேர்ந்தெடுத்தனர். இருபது நாள் அவர்கள் படுக்கையிலேயே கிடக்கவேண்டும் என்பது ஏற்பாடு. நோயில்லை, வலியில்லை, பட்டினியில்லை; படுக்கை மட்டும் உண்டு. இருபது நாள் கழித்து அவர்களுடைய ஆற்றலை அளந்தனர். உடல் ஒரு நிமிடத்தில் பயன்படுத்தக்கூடிய பிராணவாயுவின் உச்ச அளவு, நூற்றுக்கு 27 என்ற அளவில் குறைந்து போயிருந்தது. முன்பு எளிதாகச் செய்த அதே வேலைக்கு இதயம் இப்போது மிகுதியாகத் துடிக்க வேண்டியிருந்தது. ஏறத்தாழ எட்டு வாரம் பயிற்சி கொடுத்த பின்னர் இழந்ததை மீட்டனர். முப்பது ஆண்டு கழித்து, அதே ஐவரையும் 1996-இல் மீண்டும் அழைத்து அளந்து பார்த்தனர். முப்பது ஆண்டு மூப்பு அவர்களுடைய ஆற்றலைக் குறைத்த அளவினும், இருபது வயதில் படுத்துக்கிடந்த அந்த மூன்று வாரம் குறைத்த அளவே பெரிதாக இருந்தது! இளங்காளைகளுக்கே இந்நிலை என்றால், அறுபது வயதில் மார்பைப் பிளந்து தைத்துக்கொண்ட ஒருவரைப் படுக்கையை விட்டு எழவிடாமல் காப்பது எத்தகைய உபசாரம் என்பதை எண்ணிப் பாருங்கள்.

பயிற்சி இதயத்துக்கு என்ன செய்கிறது? நிமிடத்துக்கு 72 முறை துடிக்கும் இதயம் ஒரு நாளில் 1,03,680 முறை துடிக்கிறது. துடிப்பு ஒன்றுக்கு ஏறத்தாழ 70 மில்லிலிட்டர் இரத்தம் வெளியேறுகிறது. நிமிடத்துக்கு 5 லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். பயிற்சியினால் துடிப்பு ஒன்றில் வெளியேறும் இரத்தத்தின் அளவு கூடுகிறது. கால் தசைகளும் வந்த இரத்தத்திலிருந்து பிராணவாயுவை நன்கு பிரித்துக்கொள்ளப் பழகுகின்றன. ஆதலின் அதே மாடிப்படியைக் குறைந்த துடிப்பில் ஏறிவிட முடிகிறது. இதில் ஒரு நுட்பம் உண்டு. ஊருக்கெல்லாம் இரத்தம் அனுப்பும் இதயம், தனக்கு வேண்டிய இரத்தத்தைப் பெரும்பாலும் இரு துடிப்புகளுக்கு இடையே தளர்ந்திருக்கும் நேரத்தில்தான் பெறுகிறது. துடிப்பு விரைந்தால் அந்த இடைவெளி சுருங்கும். துடிப்பு குறைந்தால் நீளும். நாடியைக் குறைத்துக் கொடுக்கும் பயிற்சி, இதயம் உணவுண்ணும் நேரத்தை நீட்டிக் கொடுக்கிறது என்று சொல்வது மிகையாகாது.

பைபாஸ் என்று எல்லாரும் வழங்கும் சிகிச்சையில், அடைபட்ட தமனியைத் தாண்டி இரத்தம் செல்லப் புதுவழி அமைக்கின்றனர். காலிலிருந்து எடுத்த சிரையைக் கொண்டு இவ்வழி அமைக்கும் முறையை, 1967-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் அர்ஜென்டினா நாட்டவரான ரெனே ஃபவலோரோ நிலைநாட்டினார். நம் நாட்டில் முதல் பைபாஸ் 1975-இல் சென்னை பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் டாக்டர் கே. எம். செரியன் அவர்களால் செய்யப்பட்டது. இதயத்தை அடைவதற்கு மார்பின் நடுவெலும்பை நெடுக அறுத்துப் பின்பு கம்பியால் கட்டுகிறார்கள். அவ்வெலும்பு கூடிச் சேர ஆறு முதல் எட்டு வாரமாகும். முற்றும் உறுதிப்பட மூன்று மாதமும் ஆகலாம். எனவே தொடக்கத்தில் கால்களுக்குத்தான் வேலை, கைகளுக்கு அன்று. பாயில் அமர்ந்தவர் கைகளை ஊன்றி எழுந்தால், உடலின் பாரம் முழுவதும் அந்த எலும்பின்மேல் இழுப்பாக விழும். ஆதலால் சில வாரங்களுக்கு உயரமான நாற்காலியும் கட்டிலுமே நல்லவை. இருமும்போது தலையணையை மார்போடு அணைத்துக்கொள்ளச் சொல்வதும் இதனாலேயே.

இங்கே ஒன்றை வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். ஆடவர் அறுவை செய்துகொண்டு வந்தால் அசையவிடாமல் வைக்கும் அதே வீட்டில், தாயார் இதய வால்வு மாற்றிக்கொண்டு வந்தால் பத்தாம் நாளே அடுக்களையில் நிற்கிறார். எவரும் அவரை ஏவுவதில்லை, தடுப்பதுமில்லை. பத்து லிட்டர் வாளித் தண்ணீர் பத்துக் கிலோ கனம். நனைந்த துணிகளின் கனமோ கேட்கவே வேண்டாம். ஐந்து கிலோவுக்கு மேல் தூக்கலாகாது என்று மருத்துவர் சொல்லியனுப்பியது வாளிக்கும் பொருந்தும் என்று வீட்டில் ஒருவருக்கும் தோன்றுவதில்லை. அவருக்கு வேண்டிய காலை நடைக்கோ நேரமே கிடைப்பதில்லை. உடற்பயிற்சி என்னும் பெயர் இல்லாத உழைப்பும் இதயத்தின் கணக்கில் உழைப்பே. அதை நாடியைத் தொட்டுப் பார்த்தால் அறியலாம்.

நாடி பிடித்துப் பார்ப்பது நம் நாட்டுக்குப் புதியதன்று. சித்த மருத்துவர் மூன்று விரல்களை மணிக்கட்டில் வைத்து வாதம், பித்தம், கபம் என்று நடை பார்த்தனர். அவர்கள் தேடியது நாடியின் தன்மையை. இங்கு நாம் தேடுவது எண்ணிக்கையை. எண்ணிக்கைக்குக் கடிகாரம் வேண்டும். ஆங்கில மருத்துவர் ஜான் ஃபுளோயர் 1707-இல் வெளியிட்ட நூலில், நாடியை எண்ணுவதற்கென்றே ஒரு நிமிடம் ஓடும் கடிகாரத்தை விவரித்தார். இன்று உங்கள் எல்லாரிடமும் கடிகாரம் இருக்கிறது. பெருவிரலுக்குக் கீழே, மணிக்கட்டின் ஓரத்தில், ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மெல்ல வையுங்கள். பெருவிரலை வைக்கலாகாது, அதற்குச் சொந்த நாடி உண்டு, பிறர் நாடியென்று உங்கள் நாடியையே எண்ணிவிடுவீர்கள். ஓய்வில் இருக்கும்போது 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்கலாம். நடந்து நின்றவுடனாயின் அவ்வளவு பொறுக்க இயலாது; எண்ணி முடிப்பதற்குள் துடிப்பு இறங்கிவிடும். 10 விநாடி எண்ணி ஆறால் பெருக்குவர். அப்போது ஒரு துடிப்பைத் தவறவிட்டால் கணக்கில் ஆறு குறையும் என்பதை நினைவில் வையுங்கள். கழுத்து நாடியை எண்ணுவதாயின் ஒரு பக்கம் மட்டும், அதுவும் மெதுவாக. அழுத்தினால் முதியவர்களுக்கு மயக்கம் வரக்கூடும்.

நாடியைத் தானே காட்டும் கைக்கடிகாரங்களும் வந்துவிட்டன. அவை தோலின்மேல் பச்சை ஒளியைப் பாய்ச்சி, இரத்தம் வந்து வந்து போவதால் ஒளியில் நேரும் ஏற்றத்தாழ்வை எண்ணுகின்றன. ஓய்வில் நன்றாகவே எண்ணும். பட்டை தளர்ந்திருந்தாலோ, கை வேகமாக வீசப்பட்டாலோ, சில வேளை காலடிகளை எண்ணி அதையே நாடியென்று காட்டிவிடும். ஐயம் வந்தால் விரலே நீதிபதி.

எண்ணத் தெரிந்தாயிற்று. எந்த எண்ணில் நிற்பது? அறுவைக்குப் பின் முதல் சில வாரங்களுக்கு மருத்துவர்கள் பலரும் கொள்ளும் அளவு எளியது: உட்கார்ந்திருக்கும்போது உள்ள நாடியோடு 30 கூட்டினால் வருவதே மேல்வரம்பு. அறுவையை அடுத்து, இரத்த இழப்பினாலும் உடலின் அழற்சியினாலும், முன்பு 70 இருந்தவருக்கு ஓய்விலேயே 90 இருப்பதுண்டு. சில வாரங்களில் அது தானே இறங்கும். 80 உள்ளவர் 110 வரையில் நடக்கலாம். அதற்குமேல் போனால் நடையைத் தளர்த்தவேண்டும்.

பின்னர், மருத்துவமனையில் நடைப்பட்டையின்மேல் நடக்கவைத்துச் சோதித்தபின், வேறொரு கணக்கு வரும். பின்லாந்து அறிஞர் மார்ட்டி கார்வோனன் 1957-இல் வெளியிட்ட ஆய்வினின்று வந்தது அது. அறுபது வயதுடையவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவருடைய ஓய்வு நாடி 66. சோதனையில் அவர் எட்டிய உச்ச நாடி 130. இரண்டிற்கும் இடைவெளி 64. இதுவே அவருடைய கையிருப்பு. அக்கையிருப்பில் நூற்றுக்கு 40 பங்கு ஏறத்தாழ 26. நூற்றுக்கு 60 பங்கு 38. இவற்றை 66-உடன் கூட்டினால், 92-க்கும் 104-க்கும் இடையில் நாடி இருக்குமாறு அவர் நடக்கலாம் என்று வருகிறது.

"220-இலிருந்து வயதைக் கழித்தால் உச்ச நாடி வருமே, சோதனை எதற்கு?" என்று உங்களில் சிலர் கேட்கலாம். பயிற்சிக்கூடங்களின் சுவர்களில் தொங்கும் வாய்ப்பாடு அது. கழித்துப் பார்ப்போம். 220-இலிருந்து 60 போக, 160. அதைக்கொண்டு மேற்கண்ட கணக்கைப் போட்டால் மேல்வரம்பு 122 என்று விடை வரும். ஆனால் நம் பெரியவருடைய உண்மையான உச்சியே 130 அல்லவா? 122 என்பது அவருக்கு மிதமான நடையன்று. உச்சியைத் தொட்டுவிடும் தூரம். வாய்ப்பாடு ஏன் பிழைத்தது? நலமானவர்களிடையேகூட அது பத்துப் பன்னிரண்டு துடிப்பு முன்பின்னாகத்தான் பொருந்தும். இவரோ மெட்டோப்ரோலால் போன்ற மாத்திரை உண்பவர். பீட்டா பிளாக்கர் என்னும் இவ்வகை மருந்துகள், இதயத்தை விரைவுபடுத்தும் நரம்பின் கட்டளை இதயத்தை எட்டாதவாறு தடுக்கின்றன. 1960-களில் இவற்றை உருவாக்கிய ஜேம்ஸ் பிளாக் என்னும் ஸ்காட்லாந்து அறிஞருக்கு 1988-இல் நோபல் பரிசு கிடைத்தது. இம்மருந்து உண்பவரின் நாடி, உடல் களைத்த பிறகும் ஏறாது. "எண் 100-ஐத் தாண்டவில்லையே, இன்னும் விரைந்து நடப்போம்" என்று அவர் முயல்வது, அளவுகோலைச் சுருக்கி வைத்துக்கொண்டு துணியளப்பதைப் போன்றது.

இதனால்தான் எண்ணோடு வேறொரு சாட்சியும் வேண்டியிருக்கிறது. சுவீடன் நாட்டு உளவியல் அறிஞர் குன்னார் போர்க், உழைப்பின் கடுமையை உழைப்பவனே எண்ணால் சொல்லும்படி ஓர் அளவுமுறை வகுத்தார். அது 6-இல் தொடங்கி 20-இல் முடியும். ஒன்றில் தொடங்காமல் ஆறில் தொடங்குவானேன்? நலமான ஒருவர் சொல்லும் எண்ணைப் பத்தால் பெருக்கினால் ஏறத்தாழ அவருடைய நாடி வரவேண்டும் என்பதே அவர் எண்ணம்: ஓய்வில் 60, உச்சத்தில் 200. அறுவைக்குப் பின் நடப்பவர், "எளிது" என்னும் 11-க்கும் "சற்றுக் கடினம்" என்னும் 13-க்கும் இடையே நிற்பது நன்று. இந்த எண்களும் நினைவில் நில்லாவிட்டால், பேச்சைச் சோதனையாகக் கொள்ளலாம். நடந்துகொண்டே உடன் வருபவரோடு பேச முடியவேண்டும். பாட முடியாது போனால் குற்றமில்லை. பேசவே மூச்சு முட்டினால் நாடி எதுவாயினும் வேகம் மிகுதி. மருந்து நாடியை மறைக்கலாம். மூச்சை அவ்வாறு மறைப்பதில்லை.

எண்ணிக்கையைப் போலவே ஒழுங்கையும் கவனிக்கவேண்டும். பைபாஸ் செய்துகொண்டவர்களில் நால்வரில் ஒருவருக்கோ மூவரில் ஒருவருக்கோ, முதல் சில நாள்களில் இதயத்தின் மேலறைகள் தாறுமாறாகத் துடிக்கும் நிலை வருவதுண்டு. பெரும்பாலும் மருத்துவமனையிலேயே அது கண்டு சரிசெய்யப்படும். வீடு வந்தபின்னும் சிலருக்குத் தோன்றலாம். விரலின் கீழே நாடி ஒன்று பெரிது, ஒன்று சிறிது, ஒன்று முந்தி, ஒன்று பிந்தி என்று தாளம் கெட்டு ஓடினால், முழுநிமிடம் எண்ணிப் பார்த்து, அன்றே மருத்துவருக்குச் சொல்லவேண்டும். இதயத்துள் தேங்கும் இரத்தம் உறைந்து மூளைக்குச் சென்றால் பக்கவாதம் வரக்கூடும். ஒரு பள்ளி மாணவனின் இரண்டு விரல்கள் கண்டுபிடிக்கக்கூடிய செய்தி இது.

நடையைத் தொடங்குவோர் ஐந்து நிமிட நடையை நாளில் மூன்று நான்கு முறை என்று தொடங்கி, சிறிது சிறிதாக நீட்டி, சில வாரங்களில் ஒரே மூச்சில் அரைமணி நேரம் வரை கொண்டுவருவர். முதல் ஐந்து நிமிடமும் கடைசி ஐந்து நிமிடமும் மெல்லிய நடையாக இருக்கவேண்டும். விரைந்து நடந்தவர் சட்டென்று நின்றால், கால்களில் விரிந்திருக்கும் குழாய்களில் இரத்தம் தேங்கி, தலைக்குச் செல்வது குறைந்து மயக்கம் வரும். நம் ஊர் வெயிலில் காலை நேரமே உகந்தது. வயிறு நிறைய உண்டவுடன் நடப்பது தகாது. நடந்து முடித்து ஒரு நிமிடம் கழித்து மறுபடியும் நாடியை எண்ணுங்கள். கிளீவ்லாந்து மருத்துவர்கள் 1999-இல் வெளியிட்ட ஆய்வொன்று, பயிற்சி நின்ற முதல் நிமிடத்தில் 12 துடிப்புகளுக்கு மேல் இறங்காத நாடி கேட்டிற்கு அறிகுறி என்று காட்டியது. வாரந்தோறும் இந்த இறக்கம் கூடிவருமாயின், பயிற்சி பலிக்கிறது என்று கொள்ளலாம். நாள், நடந்த நேரம், முன் நாடி, பின் நாடி, ஒரு நிமிடத்துக்குப் பின் நாடி என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவரும் வேலையைப் பேரனோ பேத்தியோ ஏற்றுக்கொண்டால், அடுத்த முறை மருத்துவர் அந்தப் புத்தகத்தை விரும்பிப் பார்ப்பார்.

நெஞ்சில் அழுத்தம், இடது கையிலோ தாடையிலோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, தலைசுற்றல், இவற்றுள் ஒன்று தோன்றினாலும் நடை அங்கேயே நிற்கவேண்டும். ஓய்ந்தும் தீராவிட்டால் உடனே மருத்துவமனை. மார்பெலும்பு சொடுக்குவதுபோல் அசைவதும், இரண்டு மூன்று நாளில் எடை இரண்டு கிலோ ஏறுவதும், காய்ச்சலும்கூட அலட்சியம் செய்யத்தக்கன அல்ல.

இதுவரை சொன்ன கணக்குகள் ஒருவகை இதயத்துக்கு மட்டும் பொருந்தா. 1967 டிசம்பர் 3-ஆம் நாள் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரில் கிறிஸ்டியன் பர்னார்ட் மனித இதயத்தை முதன்முதல் மாற்றிப் பொருத்தினார். இந்தியாவில் 1994 ஆகஸ்டு 3-ஆம் நாள் புதுதில்லியில் டாக்டர் பி. வேணுகோபால் செய்தார். மாற்றிப் பொருத்தும்போது இரத்தக் குழாய்களைத் தைத்து இணைக்கலாம். நரம்புகளை இணைக்க இயலாது. நம் இதயத்தை ஓய்வில் அடக்கி வைப்பது ஒரு நரம்பு. அந்தக் கடிவாளம் அறுந்த இதயம் ஓய்விலேயே 90 முதல் 110 வரை துடிக்கும். எழுந்து நடந்தால் உடனே விரையாது. இரத்தத்தில் அட்ரினலின் ஊறி வந்து சேர்ந்தபின்தான் மெல்ல ஏறும். நடை நின்ற பிறகும் சில நிமிடம் ஏறியபடியே இருக்கும். அத்தகையவர் நாடியைப் பார்த்து வேகத்தை முடிவு செய்ய இயலாது. முன்னேற்பாடாக நெடுநேரம் மெல்ல நடந்து, மூச்சையும் போர்க் அளவையும் கொண்டே தம் உழைப்பை அளக்கவேண்டும். ஆயினும் சிலருக்கு, ஆண்டுகள் சில சென்றபின், நரம்பிழைகள் ஓரளவு வளர்ந்து இரவல் இதயத்தைச் சென்று தொடுகின்றன. அதன்பின் முதல் அடிகளுக்கே நாடி சற்று விரைந்து விடையளிக்கத் தொடங்குகிறது.